நிமிஷத்துக்கு இரண்டு டிகிரி

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு உலையக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. தரைத்தளத்தில் கடைசி அறை அவளுடையது. ஜன்னலை ஒட்டி ஆள் உயர இரும்புப் பெட்டி ஒன்று, அதன் வயிற்றுக்குள் வெள்ளைச் செங்கல் பதித்த சின்னக் குகை. அந்த மின்சார உலையோடு அவள் குடித்தனம் நடத்தத் தொடங்கிப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. அது முனகினால் எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று சொல்வாள். கதவில் முழங்கையால் ஒரு இடி இடித்தால்தான் பூட்டு விழும் என்பதும் அவளுக்கு மட்டுமே தெரிந்த வித்தை.

"உங்களுக்கு என்னக்கா வேலை?" என்று யாராவது புதிதாக வந்தவர்கள் கேட்டால், "தூளைச் சுட்டுக் குடுக்கறேன்" என்பாள். அவ்வளவுதான். தன்னடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். விளக்கிச் சொல்ல ஆரம்பித்தால் கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வருவதைப் பலமுறை பார்த்துவிட்டாள்.

கொட்டாவி வராமல் நான் சொல்லிப் பார்க்கிறேன். அலுமினா என்று ஒரு வெள்ளைத் தூள் இருக்கிறது. அதைத் தாமிர உப்புக் கரைத்த நீல நீரில் ஊறப்போட்டுக் காயவைப்பார்கள். பிறகு உலையில் வைத்துச் சுடுவார்கள். சூட்டில் உப்பு உடைந்து பழுப்புப் புகையாகப் போய்விடும். தாமிரம் மட்டும் கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி மணிகளாக வெள்ளைத் தூளின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் தூளின் வழியே மெத்தனால் ஆவியையும் நீராவியையும் செலுத்தினால் மறுபக்கம் ஹைட்ரஜன் வரும். தாமிரம் கல்யாணத் தரகர் மாதிரி. இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைக்குமே தவிரத் தான் செலவாகாது. மணிகள் எவ்வளவு பொடியாக, எவ்வளவு பிரிந்து நிற்கின்றனவோ அவ்வளவு வேலை நடக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டிவிட்டால் போச்சு, பாதி வேலைகூட நடக்காது. ஆகவே எல்லாம் சுடுகிறவர் கையில்தான் இருக்கிறது.

இந்தத் தூளுக்காகவே பிறந்தவர் போல மாடியில் ஒருவர் இருந்தார். வயது முப்பத்தைந்து, ஒல்லி உடம்பு, மூக்கில் நிற்காத கண்ணாடி. வாயைத் திறந்தால் தாமிரம்தான் என்பதால் செம்புத் தம்பி என்று பெயர் விழுந்துவிட்டது. முந்நூறு டிகிரியில் சுட்டார், நானூறில் சுட்டார், எழுநூறு வரை போய்ப் பார்த்தார். ஐந்நூறைத் தாண்டினால் மணிகள் கட்டி தட்டுகின்றன, அதற்கும் மேலே போனால் தாமிரம் அலுமினாவுக்குள்ளேயே புதைந்து சோம்பேறியாகிவிடுகிறது, நானூறுதான் சரி என்று கண்டுபிடித்தார். அந்த நானூறு டிகிரித் தூள் மற்ற இடங்களில் செய்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஹைட்ரஜன் கொடுத்தது. கட்டுரை வந்தது, கைதட்டல் வந்தது. வேலை நிரந்தரமாகும் காலமும் நெருங்கியது.

எவ்வளவு சூடு என்று அவர் பார்த்தார். எவ்வளவு வேகத்தில் சூடு என்று அவர் பார்க்கவில்லை. அவர் எழுதிக் கொடுத்த தாளில் எப்போதும் ஒரே வரிதான் இருக்கும்: நிமிஷத்துக்குப் பத்து டிகிரி ஏற்றவும், நான்கு மணி நேரம் நிறுத்தவும். உலையக்காவும் பதிவேட்டில் அதையே தன் முத்துப் போன்ற கையெழுத்தில் எழுதி வைப்பாள்.

எழுதி வைப்பாள், செய்யமாட்டாள்.

ஏன் என்று சொல்ல அவள் வீட்டுக்குப் போக வேண்டும். கால் மணி நேர நடை. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டிடத்தில் மூன்றாம் மாடியிலிருந்து குழிக்குள் விழுந்தார். உயிர் பிழைத்தது பெரிய காரியம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, இடது கை அசையாது, வலது கை நடுங்கும், ஒரு டம்ளரைப் பிடித்தால் பாதி நெஞ்சில்தான் ஊற்றும். மத்தியானம் ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைத்துத் துடைத்துவிட்டுச் சாப்பாடு ஊட்ட வேண்டும். புரட்டாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். முதல் சில மாதங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டாள். அவள் வீடு மாறிப் போனதும் வேறு ஆள் இல்லை.

சாப்பாட்டு இடைவேளையோ அரை மணி. போக வரவே அது சரியாகிவிடும். அதைவிட, பழைய உலை நானூறைத் தொட்டுவிட்டால் ஒரு நிமிஷம் நம்பி விட முடியாது. குரங்குப் புத்தி அதற்கு. நானூறில் நில் என்றால் நானூற்று முப்பதுக்குத் தாவும். பக்கத்திலேயே உட்கார்ந்து குமிழைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் ஏறிக்கொண்டிருக்கும்போது சமர்த்தாக ஏறும். பதினோரு மணிக்கு உலையைப் போட்டுப் பத்து டிகிரி வேகத்தில் விட்டால் பதினொன்றே முக்காலுக்குள் நானூறு வந்துவிடும், அப்புறம் அசைய முடியாது. வேகத்தை இரண்டாகக் குறைத்துவிட்டால் நானூறைத் தொட இரண்டு மணி தாண்டிவிடும்.

அவள் இரண்டு வைத்தாள். பன்னிரண்டே காலுக்குக் கிளம்பினாள், இரண்டுக்குத் திரும்பினாள். மற்றவர்கள் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போக, அவள் ஆறு மணி தாண்டி இருந்து நான்கு மணி நேரக் கணக்கை முடித்துவிட்டுப் போனாள். திருடிய நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று அவள் மனசுக்கு ஒரு சமாதானம். பதிவேட்டில் சூடெல்லாம் உண்மை, நேரமெல்லாம் பொய். ஆறு வருஷம் இப்படியே ஓடியது, ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

கணவருக்கும் தெரியாது. "என்ன விஞ்ஞானி, இன்னைக்கு எத்தனை டிகிரி?" என்று தினமும் கேட்பார். "நீங்க வாயைத் திறங்க, நூறு டிகிரி" என்று ஊட்டுவாள். ஆபீஸில் அனுமதி வாங்கியிருப்பதாகத்தான் அவரிடம் சொல்லியிருந்தாள். "உங்க மேடம் தங்கமானவங்க" என்று, கூடத்தை நடத்தும் பேராசிரியையைப் பார்க்காமலே அவர் வாழ்த்துவார். அந்த நேரம் அவள் குனிந்து தட்டைத் துடைப்பாள்.

அப்புறம் புது உலை வந்தது. சின்னத் திரை, பச்சை எழுத்து. வேகத்தையும் சூட்டையும் நேரத்தையும் தட்டிவிட்டால் தானே ஏறும், தானே நிற்கும், தானே அணையும். பழைய உலையை நாலு பேர் தள்ளிக்கொண்டு போனபோது அவள் வாசல் வரை கூடவே போனாள். ஆனாலும் சந்தோஷம்தான். இனிமேல் உலையை யாரும் காவல் காக்க வேண்டாம், பொய் எழுத வேண்டாம். தாளில் இருக்கிறபடி பத்து என்று அழுத்தினாள். ஆறு வருஷத்தில் முதல்முறையாகப் பதிவேட்டில் உண்மையை எழுதினாள்.

தூள் பாழாய்ப் போனது.

ஹைட்ரஜன் பாதியாக இறங்கியது. செம்புத் தம்பி மறுபடி செய்தார், மறுபடி பாதி. அதே வாரம் கடல் கடந்து வேறொரு நாட்டுக் கூடத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் கட்டுரையில் இருக்கிறபடி நான்கு முறை செய்தோம், நீங்கள் சொன்னதில் பாதிகூட வரவில்லை, தயவுசெய்து விளக்கவும். மரியாதையான கடிதம்தான். மரியாதையாகக் கேட்டால் பதில் சொல்வது இன்னும் கஷ்டம்.

மாடியில் பேச்சு மாறியது. எண்களைக் கூட்டி எழுதியிருப்பாரோ என்றார் ஒருவர். நெருப்பில்லாமல் புகையுமா என்றார் இன்னொருவர். ஆராய்ச்சியாளரை நீ பொய்க் கணக்கு எழுதினாய் என்று சொல்வதற்கு மேல் ஒரு வசை இல்லை. விசாரிக்க மூன்று பேர் குழு போட்டு, இருபதாம் தேதி என்று நாள் குறித்தார்கள். அதுவரை நிரந்தர வேலைப் பேச்சு நின்றது.

அந்த மனிதர் கண்ணாடியை ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டு கீழே வந்து உலைக்குப் பக்கத்தில் நின்றார். "நான் இங்கேயே இருந்து பார்க்கறேன்க்கா" என்றார். இருநூறு டிகிரி தாண்டியதும் உலையின் மேல் குழாயிலிருந்து பழுப்புப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. சில நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. "பழைய உலையிலயும் புகை இப்படித்தான் வருமாக்கா? இவ்வளவு வேகமா?"

"ஆமா தம்பி" என்றாள்.

சொன்ன மறுநொடியே அவளுக்கு உறைத்தது. பழைய உலையில் அந்தப் புகையை அவள் பார்த்ததே இல்லை. ஆறு வருஷமும் புகை வருகிற நேரத்தில் அவள் வீட்டில் கணவருக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் இல்லாத அறையில் புகை மெல்ல மெல்லப் போயிருக்கிறது, தாமிரம் நிதானமாகப் பரவி உட்கார்ந்திருக்கிறது. கொதிக்கும் தண்ணீரில் மாவை ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டாமல் என்ன செய்யும்? பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள். எத்தனை டிகிரி என்பதல்ல, எத்தனை பொறுமை என்பதுதான் விஷயம் என்று அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. மாடியில் அத்தனை பட்டம் வாங்கியவர்களுக்கு விளங்காதது இவளுக்கு விளங்கிற்று, ஆனால் வாய் திறக்கவில்லை.

திறந்தால் என்ன ஆகும்? ஆறு வருஷப் பொய்ப் பதிவு, ஆறு வருஷம் வேலை நேரத்தில் வெளியே போனது. வேலை போகலாம். போகாவிட்டாலும் மத்தியானம் போய்விடும், அது நிச்சயம். மத்தியானம் போனால் அவரை யார் புரட்டுவது? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தனக்காக இவள் இப்படிச் செய்தாள் என்று தெரிந்தால் அந்த மனுஷன் தாங்கமாட்டார். ஒன்பது நாள் இப்படிக் கிடந்து தவித்தாள். அவளை எனக்குப் பிடிக்கும், அதற்காக இந்த ஒன்பது நாளுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். செம்புத் தம்பிக்கு அந்த ஒன்பது நாளில் தாடி முளைத்துக் கண் குழி விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

பத்தாம் நாள் மத்தியானம் கணவர் மூன்றாவது கவளத்தோடு நிறுத்தினார். "இன்னைக்கும் உப்பு போடலை நீ. நாலு நாளாப் போடலை. நான் சொல்லாம சாப்பிட்டேன். என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லைங்க."

"ஒண்ணும் இல்லைன்னா உப்பு இருக்கும்."

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள்தான் சோற்றில் மறைப்பது? சொல்லிவிட்டாள். அனுமதி வாங்காததிலிருந்து புகை வரைக்கும் எல்லாம் சொன்னாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தலையை மட்டும்தான் அவரால் திருப்ப முடியும்.

"உனக்கு நான் பாரம்னு தெரியும். ஊரான் வீட்டுப் பிள்ளைக்கும் பாரமாயிட்டேனா?"

"நீங்க என்ன பண்ணீங்க, பண்ணினது நான்."

"யாருக்காகப் பண்ணே? என் ஒரு வாய் சாப்பாட்டுக்கு ஒருத்தன் மானம் போகணுமா?" சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "லிஃப்ட் வேலையில ஒரு விஷயம் உண்டு. ஆணியை மாத்திப் போட்டா, மாத்திப் போட்டேன்னு எழுதிடணும். அடுத்து ஏறறவன் உசிரு அதுல இருக்கு. போய்ச் சொல்லிடு. என் முதுகு புண்ணானா ஆகட்டும்."

அவள் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தாள், துடைத்துவிட்டாள், முதுகில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அதற்குப் பிறகு நேராகப் பேராசிரியையின் அறைக்குப் போனாள்.

பேராசிரியை சிரித்துப் பார்த்தவர் குறைவு. நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா?" என்றார்.

"அந்தத் தம்பி மேல தப்பு இல்லை மேடம். நிமிஷத்துக்குப் பத்துன்னு எழுதிக் குடுப்பார். நான் ரெண்டுதான் வெச்சேன்."

"எத்தனை நாளா?"

"ஆறு வருஷமா."

காரணத்தையும் சொன்னாள். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஒரு நாளாவது பத்து வெச்சீங்களா? அவசரத்துல, மறந்துபோய்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லை மேடம். ஒரு நாள்கூட இல்லை. அவருக்கு ஒரு நாளும் பசிக்காம இருந்ததில்லையே."

பேராசிரியை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ ஆறு வருஷ அளவும் செல்லும். பொய்யைக்கூட ஒழுங்காச் செஞ்சிருக்கீங்க" என்றார். உடனே குரல் மாறியது. "ஆனா நீங்க பண்ணினது சின்னத் தப்பு இல்லை. பதிவேட்டை நம்பித்தான் நாங்க எல்லாரும் இங்க நிக்கறோம். அந்தப் பையன் முகத்தைப் பார்த்துட்டு எப்படிம்மா ஒன்பது நாள் இருந்தீங்க?"



மறுநாள் புது உலையில் எல்லோரும் பார்க்க இரண்டு என்று அழுத்தினாள். புகை ஒரு நூல் மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், வெகுநேரம் போய்க்கொண்டிருந்தது. தன் உலையின் புகையை அன்றைக்குத்தான் அவள் ஒழுங்காகப் பார்த்தாள். மூன்றாம் நாள் அளந்தார்கள். பழைய அளவு அப்படியே வந்தது, ஒரு மயிரிழை கூடவும் இல்லை குறையவும் இல்லை. செம்புத் தம்பி அளவுத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் நல்ல மனுஷன்தான், ஆனால் தேவதூதர் இல்லை. ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை. எதிரே வந்தால் செல்போனைப் பார்த்தார். அவள் எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் வலித்தது. எட்டாம் நாள் கதவில் வந்து நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல், "ஒண்ணு, ரெண்டு, அஞ்சுன்னு மூணு வேகமும் வெச்சுப் பார்க்கணும். எப்போ வரட்டும்?" என்றார்.

"எப்ப வேணா வாங்க தம்பி."

"இந்தத் தடவை எழுதறதை நான் பக்கத்துல இருந்து பார்ப்பேன்க்கா."

"பாருங்க. பார்க்கணும்."

அலுவலகம் சும்மா விடவில்லை. எழுத்தில் கண்டனம் வந்தது, கோப்பில் ஏறியது. அந்த வருஷம் வரவேண்டிய பதவி உயர்வும் நின்றது. பேராசிரியை மூன்று முறை மாடி ஏறி இறங்கி ஒரு சலுகை வாங்கினார். பன்னிரண்டே காலிலிருந்து ஒன்றரை வரை வீட்டுக்குப் போய்வர அனுமதி, மாலையில் ஈடுகட்ட வேண்டும். அவள் திருடிக்கொண்டிருந்ததைவிட அரை மணி குறைவு. கிடைத்தவரை லாபம் என்று ஓட்டமும் நடையுமாகப் போய் வந்தாள். கணவர் அந்தக் காகிதத்தை நெஞ்சில் வைக்கச் சொல்லி, முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். ஆனால் எத்தனை டிகிரி என்று கேட்பதை விட்டுவிட்டார். பேச்சே குறைந்துவிட்டது. ஊட்டினால் சாப்பிட்டார், போதும் என்றார், கூரையைப் பார்த்தார். பதவி உயர்வு நின்ற விஷயம் யார் மூலமோ அவர் காதுக்குப் போயிருந்தது. கண்டனமும் பதவியும் போனால் போகட்டும் என்று இருந்தவளுக்கு இதைத்தான் தாங்க முடியவில்லை.

இருபதாம் தேதிக் குழு கலைந்தது, செம்புத் தம்பியின் நிரந்தர வேலைப் பேச்சு மறுபடி தொடங்கியது. கட்டுரைக்குத் திருத்தம் அனுப்பினார்கள். வேகம் பத்து அல்ல, இரண்டு. கடல் கடந்த கூடத்துக்குப் பேராசிரியை தனியாக ஒரு கடிதம் எழுதினார். ஏன் தவறு நேர்ந்தது என்று அவர்கள் கேட்பார்கள். அரைகுறையாகச் சொல்லித்தானே இவ்வளவும் வந்தது, முழுசாகவே சொல்லிவிடலாம் என்று நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டார்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. பேராசிரியை அதைத் தமிழில் எழுதி மடித்து அவள் கையில் கொடுத்தார். "உங்களுக்கு இல்லை, வீட்டுக்கு" என்றார்.

அன்று மத்தியானம் அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, ஊட்டி முடித்துக் கை கழுவிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து படித்தாள்.

"இரண்டு டிகிரி வேகத்தில் சுட்டோம். நீங்கள் சொன்ன அளவு அப்படியே வந்தது. ஒன்று வைத்தும் பார்த்தோம், அதனால் கூடுதல் பலன் இல்லை. எங்களில் யாரும் இவ்வளவு மெதுவாகச் சுட்டுப் பார்த்திருக்கவே மாட்டோம். மத்தியானம் பசியோடு காத்திருந்த அந்தக் கணவருக்கு எங்கள் கூடத்தின் பதினோரு பேருடைய நன்றியையும் சொல்லுங்கள். அவர் இல்லையென்றால் இந்தத் தூள் இல்லை."

அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று பார்த்தாள்.

"யாரை? என்னையா சொல்றாங்க?"

"உங்களைத்தான்."

"நான் என்ன செஞ்சேன்? சும்மா படுத்துக் கிடந்தேன்."

"அதைத்தான் சொல்றாங்க."

நடுங்கும் கையை நீட்டினார். காகிதத்தை அவரால் பிடிக்க முடியாது என்பதால் அந்தக் கையையே பிடித்துக்கொண்டாள். "விழுந்த நாள்லேருந்து யாருக்கும் எதுக்கும் உதவாமக் கிடக்கேன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். அப்புறம் வெகுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "பதினோரு பேருன்னா எழுதியிருக்கு? நல்லாப் பார்த்தியா?"

"பதினொண்ணுதாங்க."

"இன்னொரு தரம் படி."

படித்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றே கால். இப்போது கிளம்பினால்தான் ஒன்றரைக்குள் போய்ச்சேர முடியும்.

"கடைசி வரியை மட்டும் இன்னொரு தரம்" என்றார் அவர்.

அவள் செருப்பைத் தேடவில்லை. கட்டிலில் இன்னும் நெருங்கி உட்கார்ந்துகொண்டு முதல் வரியிலிருந்தே திரும்பப் படிக்க ஆரம்பித்தாள்.